புதுப்பிப்பு: அம்மாவின் பிபி மெஷின் கணக்கு

கிளினிக்கில் 138 காட்டும் அம்மாவின் பிரஷர் வீட்டு மெஷினில் மட்டும் 150-ஐத் தாண்டுகிறதே, எதை நம்புவது என்று முன்பு கேட்டிருந்தேன். மெஷினையே டாக்டரிடம் எடுத்துப் போகச் சொன்னவர்களுக்கு நன்றி.

மெஷின் சரிதான். கையில் சுற்றும் பட்டைதான் சிறிசு. டாக்டர் இன்ச் டேப்பால் மேல்கையை அளந்தார்: 36 செ.மீ. பெட்டியோடு வந்த பட்டையில் 22–32 என்று அச்சிட்டே இருக்கிறது. யார் அதைப் படிக்கிறார்கள்? பட்டை கைக்குச் சிறிசானால் அளவு கூடுதலாகவே காட்டுமாம். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கிறது, வாங்கிவிட்டோம்.

இப்போது காலையில் மாத்திரைக்கு முன், காபிக்கும் முன், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. இரவிலும் அப்படியே. அந்த நேரத்தில் பேசக் கூடாது. அம்மாவுக்கு அதுதான் கஷ்டம்.

சராசரி 130-ஐ ஒட்டி வருகிறது. வீட்டு அளவில் 135/85-க்குக் கீழே இருந்தால் போதும் என்றார் டாக்டர், பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் டோஸையும் கூட்டவில்லை. அப்புறம், உப்பு அதிகமுள்ள ஊறுகாயைக் குறைக்க அம்மாவோடு நடக்கும் பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.