வீட்டு சர்வர்: டெபியன் 12-இலேயே இருக்கலாமா, 13-ஆ, டெஸ்டிங்கா?

கேள்வி:
இன்டெல் என்100 மினி பிசி, 16 ஜிபி ரேம், டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்). ஜெல்லிஃபின் (வீடியோ சர்வர்) டாக்கர் கன்டெய்னரில் ஓடுகிறது; நெக்ஸ்ட்கிளவுட் 30 (சொந்தக் கோப்புச் சேமிப்பு), போஸ்ட்கிரஸ் 15 (டேட்டாபேஸ்) இரண்டும் டாக்கர் இல்லாமல் நேரடியாக நிறுவியவை. 13-க்கு மாறலாமா, ஒரேயடியாக டெஸ்டிங்குக்கே (அடுத்த பதிப்பு உருவாகும் சோதனைக் கிளை) போய்விடலாமா?

பதில் 1:
டெஸ்டிங் வேண்டாங்க. பாதுகாப்புத் திருத்தங்கள் அங்கே தாமதமாகத்தான் வந்து சேரும். இணையத்துக்குத் திறந்துவைத்த நெக்ஸ்ட்கிளவுடுக்கு அது ஆகவே ஆகாது. 12-க்கு வழக்கமான ஆதரவு 2026 ஜூன் வரைதான், எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) 2028 ஜூன் வரை. 13-க்குப் போங்கள். புது கெர்னல் மட்டும்தான் தேவை என்றால் 12-இன் பேக்போர்ட்ஸிலேயே (பழைய பதிப்புக்காகத் தரும் புதிய மென்பொருள்கள்) கெர்னல் 6.12 கிடைக்கும்.

பதில் 2:
ஆனால் முதலில் நெக்ஸ்ட்கிளவுடை 31-க்கு ஏற்றுங்கள். டெபியன் 13-இல் இருப்பது பிஎச்பி 8.4 (நெக்ஸ்ட்கிளவுட் எழுதப்பட்ட மொழி), நெக்ஸ்ட்கிளவுட் 30-இல் அதற்கு ஆதரவு இல்லை.

அடுத்து போஸ்ட்கிரஸ். டெபியன் 13-இல் வருவது போஸ்ட்கிரஸ் 17. பழைய டேட்டா தானாக மாறாது. 17-க்கு ஒரு காலி கிளஸ்டர் (டேட்டாபேஸ் தொகுதி) 5433 போர்ட்டில் உருவாகி நிற்கும். முழு டம்ப் (காப்பு நகல்) எடுத்துவிட்டு, பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் கட்டளையை ஓட்டி எது காலி என்று பாருங்கள். காலி 17-ஐ பிஜி_டிராப்கிளஸ்டரால் நீக்கி, 15-ஐ பிஜி_அப்கிரேடுகிளஸ்டரால் ஏற்றுங்கள். டிராப்பில் 15 என்று அடித்துவிட்டால் டேட்டா போச்சு!

பதில் 3:
இன்னொன்று: 13-இல் டெம்ப் டைரக்டரி (தற்காலிகக் கோப்புகளுக்கான இடம்) ரேமில் இருக்கும், பாதி ரேம் வரை, உங்களுக்கு 8 ஜிபி. பெரிய வீடியோவை ஏற்றும்போது அது நிரம்பினால் அப்லோடு பாதியில் அறுந்துபோகலாம். சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் டெம்ப் மவுன்ட் யூனிட்டை மாஸ்க் செய்து (அதாவது முடக்கி) ரீபூட் கொடுத்தால் மறுபடி டிஸ்குக்கே வந்துவிடும்.