லான்சர் 4ஜி18: என்ஜினும் கியர்பாக்ஸும் பாதி உயரத்தில் சிக்கி நிற்கின்றன, உதவி தேவை

தோட்டத்து லான்சர்

வணக்கம். மிட்சுபிஷி லான்சர் 1.6, 4ஜி18 என்ஜின், மேனுவல் கியர். சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) பத்தாண்டுக்குப் புதுப்பித்த கார், அதனால் ஸ்கிராப்புக்கு அனுப்ப மனமில்லை. ஆயில் குடிக்கிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் நீலப் புகை. கம்ப்ரஷன் குறைவாக இருந்தது. சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் ஏறுகிறது. ஆக, பிஸ்டன் ரிங்தான் போயிருக்கிறது. கிளட்ச்சும் வழுக்குவதால் என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே மேல்வழியாக எடுக்க முடிவு செய்தேன். இடம், சிராங்கூன் கார்டனில் மாமா வீட்டு போர்ச். வாடகைக்கு 2 டன் மடக்கு கிரேன்.

பானெட், பேட்டரி, ரேடியேட்டர் எடுத்தாயிற்று. பெட்ரோல் பிரஷரை இறக்கிவிட்டுத்தான் குழாயைக் கழற்றினேன். ஏர்கான் கம்ப்ரசரைக் குழாயோடு ஓரமாகக் கட்டிவிட்டேன், கேஸை வெளியேற்றவில்லை. இரண்டு டிரைவ் ஷாஃப்டும் வெளியே. சைலன்சரின் முன் குழாய், வயரிங், மவுன்டிங் போல்ட்டுகள் எல்லாம் கழற்றியாயிற்று.

இப்போது நாலு விரல் உயரம் ஏறியதும் கியர்பாக்ஸ் பக்கம் நின்றுவிடுகிறது. இன்னும் பம்ப் செய்தால் கார் பாடியே சேர்ந்து எழும்புகிறது. டைமிங் பெல்ட் பக்கம் தாராளமாக ஆடுகிறது. எதை விட்டுவிட்டேன்? நாளைக் காலை வரை அப்படியே தொங்கவிடலாமா?

கிரீஸ் கை

தொங்கவிட வேண்டாம். முதலில் இதைச் செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கிரேனின் ஹைட்ராலிக் ராத்திரியில் மெல்ல இறங்கும். பாடி எழும்பியது என்றால் ஜாக் ஸ்டாண்டின் மேல் கார் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதும் சந்தேகம். என்ஜினை மெதுவாக இறக்கி, டைமிங் பக்க மவுன்டில் ஒரு போல்ட்டைக் கையால் மாட்டுங்கள். கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கியும் கனமான மரக்கட்டையும் கொடுங்கள். இதெல்லாம் முடியும் வரை யாரும் காருக்கு அடியில் கையோ தலையோ நீட்டக் கூடாது.

கிரேன் கையை எந்த ஓட்டையில் வைத்திருக்கிறீர்கள்? 2 டன் என்று எழுதியிருந்தாலும் கையை முழுதாக நீட்டினால் பெரும்பாலான மடக்கு கிரேன்களில் அரை டன்தான் கணக்கு. உங்கள் என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து 150 கிலோவுக்கு மேல் வரும், அதைத் தாங்கும். ஆனால் சிக்கியதை பம்ப் செய்து இழுக்கும்போது கிரேன் காரையும் சேர்த்துத் தூக்குகிறது. சிக்கினால் அதற்குக் காரணம் இருக்கிறது. கண்டுபிடிக்காமல் பம்ப் செய்யாதீர்கள்.

காக்கி புக்கிட் கயல்

கியர்பாக்ஸ் பக்கம் மட்டும் பிடிக்கிறது என்றால் பேட்டரி தட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பாடியிலிருந்து கியர்பாக்ஸுக்கு வரும் எர்த் பட்டை அங்கேதான் ஒளிந்திருக்கும், அழுக்கு படிந்து கண்ணில் படாது. அடுத்து ரிவர்ஸ் விளக்கு சுவிட்ச், ஸ்பீடு சென்சார், கியர் கேபிள்கள். கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரைக் குழாயோடு கழற்றி ஓரமாக வைத்தீர்களா? ஃபயர்வால் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) பக்கம் பின்னால், என்ஜின் முன்பின் ஆடாமல் பிடிக்கும் ரோல் ஸ்டாப்பரில் போல்ட்டை எடுத்தாலும் பிராக்கெட் கவ்விக்கொண்டு நிற்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் கோணம்தான் பிரச்சினை. சங்கிலி எப்படி மாட்டியிருக்கிறீர்கள்?

தோட்டத்து லான்சர்

இறக்கிவிட்டேன், அடியில் கட்டையும் கொடுத்தாயிற்று. கயல் சொன்ன எர்த் பட்டை அப்படியே இருந்தது! கழற்றியதும் இன்னும் ஒரு சாண் ஏறியது. அதற்கு மேல் கியர்பாக்ஸ் மவுன்ட் பிராக்கெட் சேசிஸில் இடிக்கிறது. ஒரே சங்கிலி, இரண்டு ஹூக். என்ஜின் மட்டமாகத்தான் ஏறுகிறது.

காக்கி புக்கிட் கயல்

மட்டமாக ஏறினால் அந்த இடைவெளியில் வராது. லோட் லெவலர் (தொங்கும் என்ஜினின் சாய்வை மாற்றும் கருவி) ஒன்று வாங்குங்கள், ஜாலான் புசார் பக்க ஹார்ட்வேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதன் கைப்பிடியைச் சுற்றிக் கியர்பாக்ஸ் முனையைத் தாழ்த்தி, டைமிங் முனையை உயர்த்துங்கள். இடிக்கிற பிராக்கெட்டை கியர்பாக்ஸிலிருந்தே கழற்றிவிட்டால் இன்னும் இடம் கிடைக்கும். கிராங்க் புல்லியை எடுத்தால் மறுபக்கமும் கொஞ்சம் கிடைக்கும். ஒருவர் பம்ப் செய்யட்டும், இன்னொருவர் ஏர்கான் குழாயையும் பிரேக் குழாய்களையும் மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். அங்கே ஒரு குழாய் நசுங்கினால் என்ஜின் வேலையை விடப் பெரிய தலைவலி.

பழைய சின் மிங்

தம்பி, போர்ச் தரை வாசல் பக்கம் சரிந்திருக்கும். கிரேனுக்குச் சக்கரம் உண்டு, என்ஜின் மேலே வந்ததும் அது தானாகவே வாசலைப் பார்த்து ஓடும். தடிமனான பிளைவுட் போட்டு, சக்கரத்துக்கு ஆப்பு வையுங்கள். டைல்ஸும் தப்பிக்கும். என்ஜின் முன்பலகையைத் தாண்டியவுடன் கிரேனை இழுக்காமல் காரைப் பின்னால் தள்ள முடிந்தால் நல்லது. தூக்கியதை உயரத்திலேயே வைத்து நகர்த்தாமல் முட்டி அளவுக்குத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வடிகிற ஆயிலும் கூலன்ட்டும் வாசல் சாக்கடைக்கு ஒரு சொட்டும் போகக் கூடாது. நம் ஊர் வடிகால்கள் பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகின்றன, அதைத்தான் நாம் குடிக்கிறோம். டப்பாவில் பிடித்து வையுங்கள். தெரிந்த வொர்க்‌ஷாப்பில் கேட்டால் அவர்களுடைய கழிவு ஆயிலோடு சேர்த்துக் கொடுப்பார்கள்.

ஈசூன் வாசகன்

குறுக்கே ஒரு கேள்வி. எனக்கும் இதே வேலை இருக்கிறது, வீடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி. பலமாடி கார்ப்பேட்டையின் மேல்தளத்தில் ஓரமாகச் செய்யலாமா?

பழைய சின் மிங்

கூடாது. வீவக கார்ப்பேட்டையில் வாகனப் பழுது வேலைக்கு அனுமதி இல்லை, என்ஜின் இறக்குவதெல்லாம் நினைத்தே பார்க்காதீர்கள். சொந்த போர்ச் உள்ள உறவினர் இல்லையென்றால் தெரிந்த வொர்க்‌ஷாப்பில் இடம் கேளுங்கள்.

தோட்டத்து லான்சர்

வெளியே வந்துவிட்டது! லெவலர்தான் காப்பாற்றியது. கயலுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி. இப்போது தரையில் கட்டைகளின் மேல் இருக்கிறது. பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் என்ஜினோடு சேரும் கூடு) போல்ட்டுகளை எடுத்தும் கியர்பாக்ஸ் பிரியவில்லை. ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் அடித்துப் பிரிக்கலாமா?

கிரீஸ் கை

அடிக்காதீர்கள். அலுமினிய முகத்தில் பள்ளம் விழுந்தால் பிறகு சரியாக உட்காராது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றியாயிற்றா? என்ஜின் பக்கத்திலிருந்து வரும் போல்ட்டுகளும் உண்டு, கீழே தகட்டு மூடிக்கும் சின்ன போல்ட்டுகள் இருக்கும். எல்லாம் எடுத்தும் பிடித்தால் வழிகாட்டி ஊசிகள் துருப்பிடித்திருக்கின்றன என்று அர்த்தம். துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டி, இரண்டு பக்கமும் சமமாக ஆட்டி எடுங்கள். பிரியத் தொடங்கியதும் கியர்பாக்ஸின் எடையை இன்புட் ஷாஃப்டில் தொங்கவிடாதீர்கள், நேராகப் பிடித்தே வெளியே இழுங்கள்.

போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. அட்டையில் கியர்பாக்ஸ் வடிவத்தை வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். கிளட்ச் மாற்றும்போது பின் கிராங்க் சீலையும் டிரைவ் ஷாஃப்ட் சீல்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

பழைய சின் மிங்

பிளாக்கைப் பிரித்த அன்றே சிலிண்டர் சுவரில் ஆயில் தடவி, பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். இந்த ஊர் ஈரக் காற்றுக்கு வார்ப்பிரும்பு ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும்.

பிளாக்கில் அடித்திருக்கும் என்ஜின் எண்ணைச் சுரண்டவோ கிரைண்டர் போடவோ விடாதீர்கள். உங்கள் சொந்த பிளாக்கையே திரும்பப் போட்டால் எண் மாறாது. வேறு என்ஜின் வாங்கிப் போடுவதாக இருந்தால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வாங்கி, எண்ணையும் மாற்றிப் பதிய வேண்டும்.

போரிங் (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவது) தேவையா என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். தேவை என்றால் ஓவர்சைஸ் பிஸ்டன் கையில் வந்த பிறகு, பிளாக்கோடு பிஸ்டனையும் சேர்த்து லேத் கடையில் கொடுங்கள். அந்தப் பிஸ்டனை அளந்துதான் துளையைப் பெரிதாக்குவார்கள்.