தைராய்டு கம்மின்னா டிஎஸ்எச் ஏன் ஏறுது?

கேள்வி:
அம்மாவுக்கு தைராய்டு கம்மியா சுரக்குதுன்னு டாக்டர் சொல்றாரு, ஆனா ரிப்போர்ட்ல டிஎஸ்எச் 14ன்னு இருக்கு, நார்மல் 4 சொச்சம்தானே? கம்மின்னா நம்பரும் கம்மியாத்தானே இருக்கணும்? எப்பப் பாத்தாலும் அசதி, முடி வேற கொட்டுது, பயமா இருக்குங்க.

பதில் 1:
பயப்படாதீங்க. டிஎஸ்எச் தைராய்டு சுரக்குறது இல்ல, மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல இருக்குற பிட்யூட்டரி சுரக்குறது. ரத்தத்துல டி4 (தைராய்டு சுரக்குற ஹார்மோன்) குறைஞ்சா பிட்யூட்டரி "இன்னும் சுரந்து குடு"ன்னு தைராய்டை விரட்டும், அந்த விரட்டல்தான் டிஎஸ்எச், தைராய்டால முடியலன்னா விரட்டல் கூடிக்கிட்டே போகும், அதான் 14. டி4 போதுமான அளவு வந்துட்டா பிட்யூட்டரி தானா அடங்கிடும். எங்க அக்காவுக்கும் இப்படித்தான், மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல 3க்கு வந்துச்சு.

பதில் 2:
மாத்திரை ஆரம்பிச்ச அடுத்த வாரமே டெஸ்ட் எடுக்காதீங்க. மாத்திரையில இருக்குறதும் டி4தான், அது உடம்புல பாதியா குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும், மெதுவாத்தான் நிலைக்கு வரும், அதனாலதான் 6 வாரம் கழிச்சு வரச் சொல்றாங்க. காலைல வெறும் வயித்துல தண்ணியோட முழுங்கணும், காபி அரை மணி நேரமாவது கழிச்சு. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தா 4 மணி நேரம் தள்ளிக் குடுங்க, சேத்துப் போட்டா தைராய்டு மருந்து உடம்புல சரியா ஏறாது.

கேட்டவர்:
ஐயோ, ரெண்டையும் ஒண்ணாத்தான் குடுத்துட்டிருந்தேன்! நாளைலருந்து கால்சியத்த ராத்திரிக்கு மாத்திடுறேன், ரொம்ப நன்றிங்க.