வாடகையை விடத் தவணை கொஞ்சம்தான் அதிகம்: இரண்டாவது ஃபிளாட் வாங்கலாமா?

கேட்டவர்: மாடிப்படி

வணக்கம். எனக்கு ஒரு சின்ன ஃபிளாட் இருக்கிறது. கடன் முடிந்துவிட்டது, வாடகைக்கு விட்டிருக்கிறேன். இப்போது அதே கட்டடத்தில் இன்னொரு ஃபிளாட் விலைக்கு வருகிறது. அதில் ஏற்கனவே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது, தொடர்ந்து இருக்க அவர்களுக்கும் விருப்பம்.

விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் நாணயத்தை விட்டுவிடுகிறேன். வீட்டின் விலை 1,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை மாதம் 500. வங்கி 75,000 கடன் தரும். 20 வருடம், 8 சதவீதம், மாறும் வட்டி. மாதத் தவணை 627 வருகிறது. அதாவது மாதம் 127 என் சம்பளத்திலிருந்து போடவேண்டும். அது முடியும்.

மீதி 25,000 கையில் இல்லை. முதல் ஃபிளாட்டை அடமானம் வைத்தால் அதே வட்டியில், அதே 20 வருடத்துக்குத் தருவார்கள். அந்தத் தவணையை முதல் ஃபிளாட்டின் வாடகையிலேயே கட்டிவிடலாம். என் கணவர் சரி என்கிறார். "குடியிருப்பவரே உங்கள் கடனை அடைத்துவிடுவார்" என்கிறார் தரகர். மகள் நான்கு வருடத்தில் கல்லூரிக்குப் போவாள், அதற்குள் விலையும் ஏறிவிடும் என்று நினைக்கிறேன். இதில் நான் பார்க்காமல் விட்டது ஏதாவது இருக்கிறதா?

பதில்: கடன்மேசை

சகோதரி, நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உங்கள் கடன் 75,000 அல்ல, 1,00,000. அந்த 25,000-ம் கடன்தான். முதல் ஃபிளாட்டின் வாடகை இன்று உங்கள் வீட்டுக்குள் வரும் பணம். அதை எடுத்துக் கட்டினாலும் அது புது ஃபிளாட்டின் செலவுதான். ஆக, மாதத் தவணை 836.

அடுத்தது வாடகை. மாதம் 500 என்றால் வருடத்துக்கு 6,000 என்று எழுதத் தோன்றும். ஆனால் ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் நாட்கள், தாமதமாக வரும் வாடகை எல்லாம் சேர்த்து வருடத்தில் ஒரு மாத வாடகையைக் கழித்துவிடுங்கள். பழுதுபார்ப்புக்கு வீட்டு விலையில் ஒரு சதவீதம், 1,000. வரி, காப்பீடு, கட்டடப் பராமரிப்புக் கட்டணத்துக்கு 500 என்று கொள்வோம். (உங்கள் சரியான தொகையை நீங்களே போட்டுப் பாருங்கள்.) கையில் நிற்பது 4,000. மாதம் 333.

836-லிருந்து 333 போனால் 503. நீங்கள் சொன்ன 127 எங்கே, இது எங்கே!

அந்த 503 முழுவதும் நஷ்டம் என்று சொல்லவில்லை. முதல் வருடம் நீங்கள் கட்டும் 10,000 சொச்சத்தில் சுமார் 2,100 அசலில் கழியும், அது உங்கள் சொத்தாகிறது. மீதி சுமார் 7,900 வட்டி. வாடகையில் நிற்கும் 4,000-ஐ அதில் கழித்தால் 3,900 போய்விடுகிறது. ஆகவே விலை வருடம் 4 சதவீதம் ஏறினால்தான் போட்டதும் வந்ததும் சரியாக இருக்கும். பதிவுச் செலவும் தரகும் இதற்கு மேல். பத்து வருடம் தவறாமல் கட்டிய பிறகும் கடனில் கிட்டத்தட்ட 69,000 பாக்கி நிற்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் காலம் போனால் பாதிக் கடன் தீரும் என்று எண்ணித்தான் பலர் எங்களிடம் வருவார்கள்.

எனக்கு உண்மையில் பயம் தருவது மாறும் வட்டி. 8 சதவீதம் 9 ஆனால், பெரும்பாலும் தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டுவார்கள். 20 வருடம் 25 வருடத்தைத் தாண்டும். 10 ஆனால்? 1,00,000-க்கு மாத வட்டி மட்டும் 833. நீங்கள் கட்டுவது 836. அசலுக்குப் போவது மாதம் 3! அந்த வேகத்தில் கடன் தீர 56 வருடம் ஆகும். எந்த வங்கியும் அவ்வளவு நீட்டாது, தவணையை 965 ஆக்கிவிடும். இரண்டு சதவீதம் ஏறுமா என்று கேட்பீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி, 2023 ஜூலையில் 5.25–5.50 சதவீதத்தில் நின்றது. உலகத்தில் பல மத்திய வங்கிகள் அதே காலத்தில் ஏற்றின.

வாடகை தானாகவே தாங்கும் கடன் எவ்வளவு என்று பார்த்தால் சுமார் 40,000தான். கடன் பிரிவில் நாங்கள் தவணையைப் போல 1.25 மடங்காவது நிகர வருமானம் இருக்கிறதா என்று பார்ப்போம். அப்படிப் பார்த்தால் 32,000.

பதில்: சாவிக்கொத்து

பழுதுக்கு வருடம் 1,000 என்று மேலே போட்டிருக்கிறார். அது வருடாவருடம் அளவாக வராது அக்கா, அதுதான் தொல்லை. சில வருடம் ஒரு குழாய் வாஷரோடு போகும். அப்புறம் ஒரே அடியாக வரும்.

எனக்கு வந்தது குளியலறைக் கசிவு. கீழ்வீட்டுக் கூரையில் தட்டு அளவுக்கு ஒரு மஞ்சள் கறை. மேலே பார்த்தால் எல்லாம் காய்ந்து சுத்தமாக இருக்கிறது. டைல்ஸ் இடுக்கில் பூசியது உதிர்ந்து, தண்ணீர் அதன் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. தரையை உடைத்து, நீர்க்காப்புப் பூசி, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி வைத்து, கீழே ஈரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ் ஒட்ட முடியும். அதுவரை குடியிருப்பவர் குளிக்க முடியாது, வாடகையும் கேட்க முடியாது. கீழ்வீட்டுக்காரருக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்ததும் என் செலவு.

இன்னொன்று. இரண்டு ஃபிளாட்டும் ஒரே கட்டடத்தில் என்கிறீர்கள். லிஃப்ட் மாற்றினாலும் மொட்டைமாடி ஒழுகினாலும் உங்களுக்கு இரண்டு பங்கு, ஒரே மாதத்தில். முதல் ஃபிளாட்டின் வாடகையைத் தவணைக்குக் கொடுத்துவிட்டால் அந்த மாதம் எதிலிருந்து எடுப்பீர்கள்? ஆறு மாதத் தவணையாவது தனியாக இருக்கட்டும்.

பதில்: புதுமனை

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். வாடகையும் ஏறும் அல்லவா? வருடம் 3 சதவீதம் ஏறினால் இன்றைய 500 பத்து வருடத்தில் 672. நிலையான வட்டியில் கடன் கிடைத்தால் தவணை அப்படியே நிற்கும், இடைவெளி வருடாவருடம் குறையும். பெரும்பாலோர் இப்படித்தான் சொத்துச் சேர்த்திருக்கிறார்கள்.

பதில்: கடன்மேசை

தம்பி சொல்வது சரிதான், நான் மறுக்கவில்லை. இடைவெளி குறையும். ஆனால் மிக அகலமாக இருப்பது முதல் ஐந்தாறு வருடம். மகள் கல்லூரிக்குப் போவதும் அதே வருடங்களில்தான். அப்போது பணம் முடைப்பட்டால் அவசரத்துக்கு ஒரு அறையை மட்டும் விற்க முடியாது. முழு ஃபிளாட்டையும் வந்த விலைக்குத் தள்ளவேண்டி வரும். நல்ல சொத்தைத் தப்பான நேரத்தில் விற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. கடன் இல்லாத முதல் ஃபிளாட்தான் உங்கள் குடும்பத்துக்கு இன்று இருக்கும் பலம். அதை மட்டும் அடமானத்தில் வைக்காதீர்கள்.

பதில்: மாடிப்படி

எல்லோருக்கும் நன்றி. 503 என்ற எண்ணைக் கணவரிடம் காட்டினேன், இருவரும் மறுபடி உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முதல் ஃபிளாட்டைத் தொடப்போவதில்லை. அதன் வாடகையைத் தனியாகச் சேர்த்துவருவோம், கல்லூரிச் செலவு தெளிவான பிறகு பார்ப்போம். ஒரு சந்தேகம் மட்டும். எப்போது வாங்கினாலும், குடியிருப்பவரோடு வாங்கினால் அவர் கொடுத்த முன்பணம் யாரிடம் இருக்கும்?

பதில்: சாவிக்கொத்து

விற்பவரிடம் இருக்கும். காலி செய்யும்போது அவர்கள் கேட்கப்போவது உங்களைத்தான். அதனால் விலையில் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள், கழித்ததை எழுத்தில் வாங்குங்கள். எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை விற்பவர் வாய்மொழியில் நம்பாமல், குடியிருப்பவரிடமே கேட்டு அவர்களிடம் உள்ள ஒப்பந்த நகலையும் பாருங்கள். வாடகை பாக்கி எதுவும் இல்லை என்று மூன்று பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு பேச்சே இருக்காது.