தபால் ஏலத்தில் எடுத்த 1948 காந்தி 10 ரூபாய் தபால்தலை: பசையில் சந்தேகம், திருப்பி அனுப்ப 6 நாள்தான் பாக்கி

மேலவீதி:
வணக்கம். படிவத்தில் உச்சத்தொகையை எழுதித் தபாலில் அனுப்பும் பழைய பாணி தபால்தலை ஏலம் ஒன்றில் இரண்டு லாட் (ஏலப் பொருள்) எனக்கு விழுந்தன. முதலாவது, 1948 ஆகஸ்ட் 15இல் வந்த காந்தி நினைவு வரிசையின் 10 ரூபாய். கேட்லாக் வாசகம்: "மின்ட், ஹிஞ்ச் படாதது, முழு ஒரிஜினல் பசை." அதாவது பயன்படுத்தாதது, ஆல்பத்தில் ஒட்டும் சிறு பசைத்தாளான ஹிஞ்ச் பின்னால் ஒட்டப்படாதது. நான் எழுதியது 24,000. முடிந்தது 21,000. கமிஷன் 15 சதவீதம் தனி.

பார்சல் வந்து 4 நாள் ஆகிறது. "பெற்ற 10 நாளுக்குள் திருப்பலாம்" என்று விதியில் இருக்கிறது. முன்பக்கம் அருமை. பின்பக்கம்தான் உறுத்துகிறது. பசை கண்ணாடி மாதிரி மின்னுகிறது, மேல் ஓரத்தில் சில பற்கள் (துளை ஓரத்து நுனிகள்) விறைப்பாக இருக்கின்றன. முழுசாக மறுபசை பூசியதா? வீட்டில் லைட்டர் ஃப்ளூயிட் இருக்கிறது. அதில் போட்டுப் பார்க்கலாமா?

இரண்டாவது லாட், 1949 தொல்லியல் வரிசை 16 தலையும், முத்திரை பட்டவை. 3,200 எழுதினேன், சரியாக 3,200க்கே பில் வந்திருக்கிறது. "அடுத்த பிட்டுக்கு ஒரு படி மேலே", அதாவது எனக்கு அடுத்தபடியாக எழுதியவரின் தொகைக்கு ஒரு படி மேலே என்றுதானே விதி? என் தொகையைப் பார்த்துவிட்டு ஏற்றிவிட்டார்களோ?

துளைமானி:
முதலில் அந்த ஃப்ளூயிட்டை மூடி வையுங்கள். இந்தத் தலை சுவிட்சர்லாந்தில் கூர்வாசியே அச்சகத்தில் ஃபோட்டோகிராவூர் முறையில் அச்சானது. ஃபோட்டோகிராவூர் மைகளில் சில, பென்சீன் வகைத் திரவம் பட்டால் கரையும். நாசிக் அச்சகத் தலைகளில் வரும் நட்சத்திர வாட்டர்மார்க்கும் (காகிதத்துக்குள் தெரியும் நீர்க்குறி) இதில் கிடையாது, எனவே அதைத் தேட வேண்டியதில்லை. காகிதம் மெலிந்த இடமும் ஒட்டுப்போட்ட இடமும் ஃப்ளூயிட்டில் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் திரவத்தில் முக்கிய தலையை "அனுப்பிய நிலையிலேயே திருப்புகிறேன்" என்று உங்களால் சொல்ல முடியாது.

அதேபோலத் தண்ணீர் வேண்டாம், வாயால் ஊதிப் பார்க்க வேண்டாம், பின்னால் பென்சில் குறி வேண்டாம், ஆல்பத்தில் ஏற்றவும் வேண்டாம். லாட் எண் எழுதிய கார்டும் அதன் கவரும் பத்திரமாக இருக்கட்டும். இப்போதே மூன்று படம் எடுத்துவிடுங்கள்: லாட் கார்டோடு முன்பக்கம், பின்பக்கம் நேராக, பின்பக்கம் சாய்ந்த ஒளியில்.

சாய்ந்த ஒளி என்றால், அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மேசை மட்டத்தில் படுக்க வைத்துப் பக்கவாட்டில் அடிப்பது. தலையை ட்வீசரால் பிடித்து நான்கு திசையும் திருப்புங்கள். ஹிஞ்ச் இருந்த இடம், தூரிகைக் கோடு, விரல் ரேகை எல்லாம் அப்போது எழும்பி நிற்கும். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது.

அடுத்தது பற்கள். அச்சகத்தில் தாளுக்குப் பசை பூசிய பிறகுதான் துளை போடுகிறார்கள். ஆகவே ஒரிஜினலில் துளையின் ஓரத்தில் பசை சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும், கிழிந்த பல் நுனியில் காகித நார் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். மறுபசை, துளை போட்ட தலையின் மேல் பூசப்படுவது. அது துளைக்குள் வழிந்து நாரைப் பிடித்துக்கொள்ளும். நுனி முள் மாதிரி ஆகிவிடும். 10 மடங்கு லென்ஸில் துளை ஓரத்தில் சின்னப் பளபளப்பு மணிகள் தெரியும். புறங்கையில் பற்களை லேசாக இழுத்துப் பாருங்கள். மெத்தென்றால் நல்லது, சுரண்டினால் சந்தேகம். நான்கு பக்கமும் தனித்தனியாகச் செய்து எழுதுங்கள்.

மின்னுவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நம்மூர் ஈரத்தில் பழைய பசை இளகித் திரும்பக் காய்ந்தாலும் கண்ணாடி மாதிரிதான் ஆகும். கடலோர ஊர்களில் இருந்த ஆல்பங்களில் இது சர்வசாதாரணம்.

மேலவீதி:
பார்த்தேன். கீழும் இரண்டு பக்கவாட்டும் மெத்தென்று இருக்கின்றன. மேல் ஓரத்தில் நடுவே 4 பற்கள் மட்டும் சுரண்டுகின்றன. சாய்ந்த ஒளியில் அந்த 4 பல்லுக்குக் கீழே சுமார் 12 மி.மீ. அகலத்தில் ஒரு செவ்வகத் திட்டு, மற்ற இடத்தைவிட வழவழப்பு. ஊதா டார்ச்சில் அந்த இடம் கொஞ்சம் நீலமாகத் தெரிகிற மாதிரி இருக்கிறது. டார்ச்சில் 395 என்று போட்டிருக்கிறது.

பசைப்பக்கம்:
இது முழு மறுபசை அல்ல. முழுசாகப் பூசியிருந்தால் நான்கு பக்கமும் சுரண்டும். மேல் ஓரத்தின் நடுவில், ஹிஞ்ச் ஒட்டும் இடத்தில், ஹிஞ்ச் அளவிலேயே ஒரு திட்டு! ஹிஞ்சை எடுத்துவிட்டு, அந்த இடத்தை ஈரத் தூரிகையால் சமன் செய்து, பற்றாக்குறைக்கு வேறு பசையைத் தொட்டு வைத்த வேலை. பக்கத்துப் பசையையே கரைத்து இழுத்துவிட்டும் செய்வார்கள். தூரிகை ஓரம் தாண்டிப் போனதால் அந்த 4 பல்லும் விறைத்துவிட்டன. சந்தையில் ஹிஞ்ச் படாததற்கும் பட்டதற்கும் விலை இடைவெளி இருக்கும்வரை இந்த வேலைக்குக் கூலி கட்டுபடியாகும்.

395 நேனோமீட்டர் டார்ச்சில் கண்ணுக்குத் தெரியும் ஊதாவும் கலந்து வரும், அதை நம்பாதீர்கள். 365 கிடைத்தால் இருட்டறையில் அடியுங்கள். அந்தக் காலத்துக் காகிதமும் பசையும் மங்கலாகவே இருக்கும், பின்னாளில் வைத்த பசை பெரும்பாலும் வேறு நிறத்தில் மிளிரும். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், சாய்ந்த ஒளிப் படமே போதும்.

தலையே அசல்தானா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள், இந்த 10 ரூபாய்க்குப் போலி நிறைய. துளை 11½ இருக்க வேண்டும். மானி இல்லையென்றால் ஸ்கேல் வைத்து 2 செ.மீ.க்குள் எத்தனை துளை என்று எண்ணுங்கள். லென்ஸில் முகத்தின் நிழல் பகுதியைப் பாருங்கள். ஃபோட்டோகிராவூரில் நுண்ணிய வலைக் கட்டங்களுக்குள் மை நிறைந்து, நிழல் தொடர்ச்சியாக இறங்கும். ஆஃப்செட் போலியில் தனித்தனி வட்டப் புள்ளிகள் தெரியும், செய்தித்தாள் படம் மாதிரி. "பாபு" என்று இந்தியிலும் உருதுவிலும் இருக்கும் எழுத்துகளின் ஓரம் போலிகளில் தடித்துவிடும்.

(இதே தலையில் அரசு உபயோகத்துக்கான "சர்வீஸ்" மேலச்சு உள்ளது யாராவது மலிவாகக் கொடுத்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அச்சானதே 100தான்.)

மேலவீதி:
துளை 11½ வருகிறது. புள்ளி இல்லை, நிழல் இழைந்துதான் இறங்குகிறது. அப்படியானால் தலை அசல், பசைதான் பிரச்சினை. இதை நிரூபிக்க நிபுணர் சான்றிதழ் வாங்கவேண்டுமா?

கொல்லம்பட்டறை:
லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழுவுக்கு அனுப்பலாம். அங்கிருந்து வரும் தாளை யாரும் மறுக்க மாட்டார்கள்.

துளைமானி:
இந்த விஷயத்துக்கு அது வேண்டாம் சார். தலை போய்ச் சேர்ந்து, குழு பார்த்து, திரும்பி வருவதற்குள் 10 நாள் கெடு எப்போதோ முடிந்திருக்கும். சான்றிதழுக்காகக் கெடுவை நீட்டச் சொல்வது என்றால், பெரும்பாலான ஏல விதிகளில் அதை ஏலத்துக்கு முன்பே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். "அசலா போலியா" என்ற சண்டை என்றால் சான்றிதழ் இல்லாமல் முடியாது. இங்கே அந்தச் சண்டையே இல்லையே.

மேலவீதி, நீங்கள் "மறுபசை" என்ற சொல்லையே கடிதத்தில் போடாதீர்கள். போட்டால் "எப்படிச் சொல்கிறீர்கள், சான்று எங்கே" என்று இழுப்பார்கள். கேட்லாக்கில் "ஹிஞ்ச் படாதது" என்று இருக்கிறது, தலையில் ஹிஞ்ச் தடம் இருக்கிறது. வாசகமும் பொருளும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். யார் பூசினார்கள், எப்போது பூசினார்கள் என்பது உங்கள் வேலை அல்ல.

இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏல எண், லாட் எண், பில் எண், பெற்ற தேதி. கேட்லாக் வரியை மேற்கோளாக அப்படியே. பிறகு இப்படி: "மேல் ஓர நடுவில் சுமார் 12 மி.மீ. அகலத்தில் பசை கலைந்து சமன் செய்யப்பட்டிருக்கிறது, அதை ஒட்டிய 4 பற்கள் விறைத்துள்ளன, படம் இணைப்பில்." கடைசியாக என்ன வேண்டும் என்று தெளிவாக: லாட் விலை, கமிஷன், அதன்மேல் போட்ட வரி மூன்றும் திரும்ப வேண்டும். கமிஷனை எழுத மறந்தால் வெறும் 21,000 மட்டும் வரும், 3,150 அங்கேயே நின்றுவிடும். 10 நாள் என்பது தலை அவர்கள் கைக்குப் போய்ச் சேரவேண்டிய நாளா, நாம் அனுப்பவேண்டிய நாளா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். பதில் வராமல் தலையை அனுப்பாதீர்கள். ஆனால் 8ஆம் நாள்வரை பதில் இல்லையென்றால், மின்னஞ்சல் பிரதியை உள்ளே வைத்து அனுப்பிவிடுங்கள்.

படம் போட்ட லாட்டைத் திருப்ப முடியாது என்று ஒரு விதியைக் காட்டலாம். அது படத்தில் தெரியும் குறைக்குத்தான்: மையம் தள்ளியது, பல் உடைந்தது, முத்திரை அழுத்தமாக விழுந்தது போன்றவை. கேட்லாக்கில் பின்பக்கப் படம் இருந்ததா?

மேலவீதி:
இல்லை, முன்பக்கம் மட்டும்.

படிக்கணக்கு:
உங்கள் 3,200 கதைக்கு வருகிறேன். ஏற்றிவிட்டார்கள் என்று சந்தேகப்படும் முன், தொகை எவ்வளவு எவ்வளவாக ஏறும் என்று சொல்லும் படி அட்டவணையைப் பாருங்கள். 2,000 முதல் 5,000 வரை படி 200 என்று வைத்துக்கொள்வோம் (ஏலத்துக்கு ஏலம் மாறும், படிவத்தின் பின்னால் இருக்கும்). அடுத்த ஆள் 3,000 எழுதியிருந்தால் ஒரு படி மேலே 3,200. அவரும் 3,200 எழுதி, உங்கள் படிவம் முதலில் போய்ச் சேர்ந்திருந்தாலும் 3,200தான், ஏனென்றால் சமன் வந்தால் முந்தி வந்தவருக்கே லாட். அவர் 3,100 எழுதியிருந்தால் அதன் மேல்படி 3,300, அது உங்கள் உச்சத்தைத் தாண்டுகிறது, எனவே உங்கள் உச்சத்திலேயே நிறுத்துவார்கள். ரிசர்வ் விலையே (அதற்குக் கீழே விற்காத விலை) 3,200 என்றாலும் அதே கதை. நான்கு வழியிலும் நேர்மையாகவே 3,200 வருகிறது.

காந்தி லாட்டில் 24,000 எழுதியும் 21,000க்கு நிறுத்தியிருக்கிறார்கள். ஏற்றிவிடும் ஆளாக இருந்தால் 3,000 ரூபாயை அங்கே விட்டிருக்க மாட்டார். ஆனாலும் "அடுத்த பிட் எவ்வளவு" என்று கேளுங்கள், தவறில்லை. பெயர் சொல்ல மாட்டார்கள், தொகையைச் சொல்லலாம்.

இனி எழுதும்போது கமிஷனைப் பின்னோக்கிக் கழித்துவிட்டு எழுதுங்கள். கையிலிருந்து மொத்தம் 3,200தான் போகலாம் என்றால் 2,800 எழுதினாலே கமிஷனோடு 3,220, அதன் மேல் வரி, தபால் செலவு வேறு. எனவே 2,600. எல்லோரும் 2,500, 3,000 என்று முழு எண்ணில்தான் நிற்பார்கள். அதற்குச் சற்று மேலே நிற்பதில் லாபம் உண்டு. படிக்குப் பொருந்தாத 2,650 எழுதினால் பலர் கீழே 2,600க்கு இறக்கிவிடுவார்கள், அந்த 50 வீண். படிவத்தை முந்தி அனுப்புங்கள், கடைசி நாள் சாமர்த்தியம் இதில் செல்லாது.

ஒரே தலை இரண்டு லாட்டில் வந்தால் இரண்டுக்கும் எழுதி நடுவில் "அல்லது" போடலாம். முதலாவது விழுந்தால் இரண்டாவது தானாக ரத்து. மொத்தச் செலவு வரம்பும் எழுதலாம். இரண்டையும் ஏற்பார்களா என்று மட்டும் விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 16இல் 1 அணா போதிசத்துவரையும் ஒருமுறை பாருங்கள். 1949இல் சிலை கண்ணாடியில் பார்த்ததுபோல இடவலம் மாறி, இடக்கை நீட்டியபடி அச்சாகிவிட்டது. 1950 ஜூலையில் திருத்தி வலக்கை ஆக்கினார்கள். முத்திரை பட்டவற்றில் வரிசை சேர்க்கும்போது திருத்தியதைச் செருகிவிடுவது வழக்கம். 1949 வரிசை என்றால் இடக்கைதான் இருக்க வேண்டும்.

மேலவீதி:
இடக்கைதான், சரியாக இருக்கிறது. படி அட்டவணையிலும் 200தான், என் சந்தேகம் தீர்ந்தது.

காந்திக்குப் பதில் வந்துவிட்டது: "திருப்பலாம், 10ஆம் நாளுக்குள் ஸ்பீட் போஸ்ட் ரசீது தேதி இருந்தால் போதும். அல்லது வைத்துக்கொண்டால் 4,000 குறைத்துத் தருகிறோம்." எது நல்லது?

பசைப்பக்கம்:
அவர்களுடைய முந்தைய ஏலங்களின் முடிவு விலைப் பட்டியலை எடுங்கள். ஹிஞ்ச் பட்ட 10 ரூபாய் எவ்வளவுக்குப் போயிருக்கிறது? 17,000ஐ ஒட்டி இருந்தால் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே என்றால் திருப்புங்கள். ஹிஞ்ச் பட்டதைவிட, அதை மறைக்கப் பார்த்தது இன்னும் ஒரு படி கீழே. நாளை நீங்கள் விற்கும்போது இந்த 4 பல்லும் வாங்குபவர் கையிலும் சுரண்டும்.

மேலவீதி:
கடைசி இரண்டு ஏலத்திலும் ஹிஞ்ச் பட்டது 13,000, 12,500. திருப்புகிறேன். பேக்கிங் எப்படி?

துளைமானி:
வந்த அதே கார்டில் அதே இடத்தில் வைத்து கிளாசைன் (வழவழப்பான மெல்லிய காகித) கவரில் போடுங்கள். பசை தெரியும் பக்கத்தில் பிளாஸ்டிக் ஒட்டவே கூடாது, இந்த ஈரத்தில் பிடித்துக்கொள்ளும். தலையைவிட ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ. பெரிய இரண்டு கெட்டி அட்டை, நடுவில் கிளாசைன். செலோடேப் அட்டைக்கு அட்டை மட்டும், கிளாசைன் மேல் படக் கூடாது. மொத்தத்தையும் ஜிப் கவரில் அடைத்தால் மழைக்குத் தாங்கும். முகவரியைத் தலை உள்ளே போகும் முன்பே உறையில் எழுதிவிடுங்கள், பிறகு பால்பாயின்ட் அழுத்தம் உள்ளே இறங்கும்.

உறையின் மேல் "ஸ்டாம்ப்", "மதிப்புள்ளது" என்று எழுதாதீர்கள். கவுன்டரில் ஸ்பீட் போஸ்ட்டோடு இன்ஷூரன்ஸ் சேர்க்கச் சொல்லி, பில் தொகையை மதிப்பாகக் காட்டுங்கள். ரசீதில் உள்ள 13 எழுத்து எண்ணைப் படமெடுத்து அன்றைக்கே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

மேலவீதி:
அட்டை வெட்டியாயிற்று. நாளை காலை கவுன்டர் திறந்ததும் போடுகிறேன். 7ஆம் நாள்தான் ஆகும்.