பழைய 'கைண்ட் ஆஃப் புளூ' இசைத்தட்டுக்கு 9,000 ரூபாயா?

ஊசிமுனை:
மூர் மார்க்கெட் பக்கம் பழைய தட்டு விற்பவர் ஒருவரிடம் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' எல்.பி. வந்திருக்கிறது. அமெரிக்காவில் அச்சான பழைய தட்டு. 9,000 சொல்கிறார். உறையின் ஓரத்தைக் கரையான் கொஞ்சம் ருசி பார்த்திருக்கிறது, தட்டு பரவாயில்லை. வாங்கலாமா? 'போனிலேயே கேட்கலாமே' என்று ஆரம்பிக்கிறவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போகவும்.

தரமணி 24பிட்:
போக மாட்டேன் :) நீங்கள் வாங்கப்போகிற தட்டில் முதல் பக்கம் சுருதியே தப்பு. 1959 மார்ச் 2-ஆம் தேதி நியூயார்க்கில் பதிவு செய்தபோது மெயின் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது. அதைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறித்தானே வரும்? அப்படியே தட்டாக்கி விற்றார்கள். கூடவே ஓடிய இன்னொரு மெஷினின் டேப் சரியாக இருந்ததால், 1992-இல் சி.டி. போடும்போது அதை வைத்துத் திருத்தினார்கள். ஆக, 9,000 கொடுத்து பிழையை வாங்குகிறீர்கள். சரியானது என் போனில் இருக்கிறது.

ஊசிமுனை:
தெரியும் சார். 33 வருஷம் உலகமே அந்தப் பிழையைத்தான் கேட்டது. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் தங்கள் வாத்தியத்தை அதற்கு ஏற்றித்தான் வாசித்திருப்பார்கள். எனக்கு அவர்கள் கேட்டது வேண்டும். உங்கள் போன் கதைக்கு வருவோம். 2022 ஜனவரியில் ராக் பாடகர் நீல் யங்கின் பாட்டெல்லாம் ஸ்பாட்டிஃபையிலிருந்து போனது, திரும்பி வர 2024 ஆனது. என் அலமாரியிலிருந்து எதுவும் அப்படிக் கிளம்பிப் போனதில்லை.

பெரம்பூர் பேஸ்:
வேகம் என்றதும் ஞாபகம் வருது. மச்சான் அமெரிக்காவிலிருந்து ஒரு டர்ன்டேபிள் கொண்டுவந்தான். 110 வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, லெட் ஸெப்பலின் ராக் குழுவின் தட்டைப் போட்டால், பாடகர் ராபர்ட் பிளாண்ட் இருமல் மருந்து குடித்துவிட்டுத் தூங்கப்போகிற மாதிரி பாடுகிறார்! டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும். அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அந்த மோட்டார் ஹெர்ட்ஸைப் பார்த்துச் சுற்றுகிற ரகம். நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்ற வேண்டியது 28-கூட சுற்றவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு பேர் கையை விரித்தார்கள். கடைசியில் அம்பத்தூர் லேத் பட்டறை ஒன்றில், பெல்ட் ஓடும் கப்பியை அஞ்சில் ஒரு பங்கு பெரிசாகக் கடைந்து கொடுத்தார்கள். இன்னும் ஓடுது. தம்பி, தட்டு வாங்கு.

ஈரக்காற்று:
எல்லாரும் வாங்குவதையே பேசுகிறீர்கள். அப்பா விட்டுப்போன 300 தட்டுகளை வைத்திருப்பவள் நான். திருவான்மியூரில் ஐப்பசி வந்தாலே உறையில் பூஞ்சை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தட்டு முழுக்க முங்கியது. தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பாத்திரக் கூடையில் சாய்த்துக் காயவைத்தோம். அவை பிழைத்தன. உறைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் அப்பளம் மாதிரி உதிர்ந்தன. கூடவே அப்பா பின்பக்கம் எழுதிவைத்த தேதிகளும் போயின. இப்போது நான் கேட்பது ரயிலில், போனில்தான். கிட்டார்காரர் ஜான் மெக்லாலினின் 'சக்தி' குழு போட்ட முதல் தட்டை மட்டும் பிளேயரில்தான் போடுவேன். விக்கு விநாயகராம் சாரின் கடம் உள்ளங்கையில் அடிக்கிற மாதிரி இருக்கும்.

தரமணி 24பிட்:
மேடம், அது உங்கள் அப்பா, தட்டு இல்லை. தப்பாக எடுக்காதீர்கள். டிஜிட்டல் கலக்காத தட்டில்தான் 'அனலாக் சூடு' என்று சத்தியம் செய்தவர்கள் கதை தெரியுமா? அவர்கள் கொண்டாடிய அமெரிக்கத் தட்டு கம்பெனி மொபைல் ஃபிடிலிட்டி, தன் தட்டுகள் பலவற்றில் நடுவில் டிஜிட்டல் படி ஒன்று இருந்ததை 2022-இல் ஒப்புக்கொண்டது. அதுவரை ஒரு தங்கக்காதுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பெரம்பூர் பேஸ்:
இது நெத்தியடி. ஆனாலும் வாங்கு.

ஊசிமுனை:
ஞாயிறு போய் 7,500-க்கு வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் 'புளூ இன் கிரீன்' நடுவில் ஒரு கீறல், பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு டக் டக். அப்புறம், தரமணி சாருக்காக ஒரு சோதனை. அதே பக்கத்து 'ஸோ வாட்' மேற்கத்திய டி சுருதியில் வருவது, அதாவது நமக்கு 2 கட்டை. போனில் தம்பூரா செயலியை 2 கட்டையில் வைத்துத் தட்டைப் போட்டேன். மைல்ஸ் மேலே நிற்கிறார். மயிரிழைதான், ஆனால் இரண்டும் சேராமல் நெளிகிறது.

தரமணி 24பிட்:
உங்கள் பிளேயரே வேகமாக ஓடுகிறதோ என்னவோ.

ஊசிமுனை:
அதையும் பார்த்தேன். இரண்டாம் பக்கம் ஏப்ரலில் பதிவானது, அதில் பிழை இல்லை. அதிலுள்ள 'ஆல் புளூஸ்' 5 கட்டையில் கச்சிதமாகச் சேர்ந்தது.

தரமணி 24பிட்:
அப்போ நான் சொன்னது சரி. முதல் பக்கத்தை என்ன செய்யப்போகிறீர்கள்?

ஊசிமுனை:
தம்பூராவை ஏற்றிக்கொண்டேன்.