கெனனின் ‘கன்டெய்ன்மென்ட்’: கரைகட்டல் சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு,

‘ஃபாரின் அஃபேர்ஸ்’ என்ற அமெரிக்க வெளியுறவு இதழின் வரலாற்றைத் தமிழில் எழுதி வருகிறேன். அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் 1910இல் ‘இன வளர்ச்சி இதழ்’ என்று ஒன்று தொடங்கியது. அந்தக் காலத்து மனப்போக்கு பெயரிலேயே தெரிகிறது. 1919இல் அது ‘பன்னாட்டு உறவுகள் இதழ்’ ஆனது. நியூயார்க்கின் வெளியுறவுக் கவுன்சில் 1922இல் ஃபாரின் அஃபேர்ஸைத் தொடங்கியபோது அதோடு கலந்துவிட்டது. இதுவரை எழுதுவதில் சிக்கல் இல்லை. 1947க்கு வந்ததும் ‘கன்டெய்ன்மென்ட்’ என்ற சொல்லுக்குச் சரியான தமிழ் கிடைக்காமல் நின்றுவிட்டேன்.

அந்த ஆண்டு ஜூலை இதழில் ‘எக்ஸ்’ என்ற ஒற்றை எழுத்தைப் பெயராகப் போட்டு ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் அமெரிக்க ராஜதந்திரி ஜார்ஜ் கெனன். அரசுப் பணியில் இருந்ததால் பெயரை மறைத்தார். கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிட்டது. சோவியத் விரிவாக்கத்தைப் பொறுமையாகவும் உறுதியாகவும் ‘கன்டெய்ன்’ செய்ய வேண்டும், அதாவது மேலும் பரவவிடாமல் தடுத்து நிறுத்த வேண்டும் என்றார். பனிப்போர்க் காலம் முழுக்க இந்தச் சொல்தான்.

இதற்குத் தமிழாக நம் குழுவில் வந்த ‘கட்டுப்படுத்தல்’ எனக்கு ஒட்டவில்லை. கொரோனா காலத்தில் தெருவைத் தகரம் வைத்து அடைத்து ‘கட்டுப்படுத்தப்பட்ட பகுதி’ என்று எழுதி வைத்தார்கள்; அங்கே சரி. ஆனால் ஆயுதக் கட்டுப்பாடு என்று வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது. ‘முற்றுகை’யில் போர் வாடை அடிக்கிறது. தான் சொன்னது படைபலத்தை அல்ல, அரசியல் வழியை என்று கெனனே 1967இல் வந்த நினைவுக்குறிப்பில் விளக்கியிருக்கிறார். ‘அணைத்தல்’ என்றால் தழுவுவதா, விளக்கை அணைப்பதா என்று வாசகர் குழம்புவார்.

அப்புறம் மூலக் கட்டுரையைத் திரும்பப் படித்தேன். விடை அதிலேயே இருக்கிறது! சோவியத் அரசியலை ஓடும் நீருக்கு ஒப்பிடுகிறார் கெனன். விட்ட பக்கமெல்லாம் பாயும், படுகையின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும், தாண்ட முடியாத தடை வந்தால் அதற்கு ஒத்துப்போகும். அப்படிப்பட்ட நீருக்கு நாம் என்ன செய்கிறோம்? கரை கட்டுகிறோம். கரை நீரைத் துரத்திப் போவதில்லை. அரிப்பு கண்ட இடத்தில் மண் போட்டு, மூட்டை அடுக்கி, உடைப்பெடுக்காமல் இரவும் பகலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் கேட்ட விழிப்பும் அதுதான். எனவே ‘கரைகட்டல்’, ‘கரைகட்டுக் கொள்கை’ என்று முன்வைக்கிறேன்.

*

ஐயா, வணக்கம். சொல் அழகாக இருக்கிறது. ஆனால் வினையாக்கினால் இடிக்கிறதே: ‘சோவியத்தைக் கரைகட்டினார்கள்’?

*

நல்ல கேள்வி அம்மா. ‘ஐ’ உருபு போட்டால் இடிக்கத்தான் செய்யும். ‘கு’ போட்டுப் பாருங்கள்: ‘சோவியத் விரிவாக்கத்துக்குக் கரைகட்டினார்கள்’. ஏரிக்குக் கரை கட்டினார்கள் என்பதுபோல் இயல்பாக வந்துவிடும்.

இன்னொன்று. அதே 1947இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் கெனனுக்கு எழுதிய மறுப்பையும் இந்தச் சொல்லை வைத்தே விளக்கலாம். உலகைச் சுற்றி இவ்வளவு நீளக் கரையை அமெரிக்கா காவல் காக்க முடியாது, எங்கே உடைப்பது என்பதை எதிராளிதான் முடிவு செய்வான் என்பது அவர் வாதத்தின் சாரம். ‘கட்டுப்படுத்தல்’ என்று எழுதிவைத்திருந்த வரைவில் இந்தப் பத்தி எனக்கு வரவே இல்லை. இப்போது திருத்துகிறேன், முடிந்ததும் அந்தப் பகுதியைக் குழுவுக்கு அனுப்புகிறேன்.